பேய்மேடு என்று சொன்னது யார்

எங்கள் பிரிவின் கதவு உள்பக்கமாகத் திறக்கும். கதவுக்குப் பின்னால் என் மேசை. யாராவது உள்ளே வர வேண்டுமானால் நான் எழுந்து, நாற்காலியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தி, வயிற்றை எக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வந்தவர் வெளியே போகும்போதும் அதே கூத்து. ஒரு காலத்தில் பழைய வரைபடங்களைச் சுருட்டி அடுக்கியிருந்த கிடங்கு அது. ஜன்னல் கிடையாது. காகிதத்துக்கு வெயில் ஆகாதாம். எனக்கு வெயில் ஆகுமா ஆகாதா என்று இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை.

வரைபட ஆபீசில் மலையை அளப்பவருக்கு மாடியில் இடம். ஆற்றை வரைபவருக்கு மாடியில் இடம். அதற்கெல்லாம் பெயர் எழுதுகிறவனுக்குக் கிடங்கு. ஆனால் ஜனங்கள் சண்டைக்கு வருவது பெயருக்காகத்தான். மலை நாலு மீட்டர் குறைந்து போனால் யாரும் கேட்கப் போவதில்லை. பெயரில் ஒரு எழுத்து குறையட்டும், மறுநாள் காலையில் நான் பத்துத் தடவை வயிற்றை எக்க வேண்டியிருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை தபாலில் வந்த மனுவைப் பிரித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. கையெழுத்து என் அக்காவுடையது. வலப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு வரியும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல இருக்கும். "பேய்மேடு பகுதியில் வசிக்கும் நாங்கள் பணிவுடன் கேட்டுக்கொள்வது" என்று ஆரம்பித்திருந்தாள். பணிவு அந்த ஒரு வரியோடு சரி. எங்கள் இடத்துக்கு இந்தப் பெயரை வைத்தது யார், எப்போது வைத்தார்கள், எங்களில் யாரைக் கேட்டு வைத்தார்கள் என்று மூன்று கேள்விகள். உடனே மாற்றித் தர வேண்டும் என்று கோரிக்கை. கீழே அறுபத்து நாலு கையெழுத்து.

மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் நான்தான். வைத்தது நான். பதினெட்டு வருஷம் முன்னால். யாரையும் கேட்காமல் வைக்கவில்லை, கேட்டுத்தான் தொலைத்தேன்.

அப்போது எனக்குக் களப்பணி. ஊர் ஊராகப் போய், இடத்துக்கு ஜனங்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவது. நகரத்தின் ஓரத்தில் ஒரு மேடு இருந்தது. மேலே ஆறு வீடு, ஒரு தண்ணீர்க் குழாய், கம்பியில் துணி. விதிப்படி மூன்று பேரைக் கேட்டேன். முதல் ஆள், "பேரா? மேடுன்னு சொல்லுவோம்" என்றார். இரண்டாவது ஆள், "எங்க வீடுன்னு சொல்லுவோம்" என்றார். மூன்றாவது ஒரு அம்மாள், குழாயடியில் வாளியோடு நின்றிருந்தவர். "பேர் வேணும்னா நீங்களே ஒண்ணு வச்சிட்டுப் போங்க. எங்களுக்குத் தண்ணி வந்தாப் போதும்" என்றார். நான் வைக்கவில்லை. நேர்மையாகக் களப் புத்தகத்தில் எழுதினேன்: பெ.இ. மேடு. பெயர் இல்லை என்பதற்கு எங்கள் பிரிவில் அதுதான் சுருக்கம்.

என் எழுத்தில் ஒரு கோளாறு உண்டு. ஒற்றைக்கொம்பு போட்டால் அதன் தலையில் ஒரு சுழி விழுந்து இரட்டைக்கொம்பு மாதிரி நிற்கும். புள்ளிகளோ கொசு உட்கார்ந்த அளவுகூட இருக்காது. மாடியில் படம் வரைந்தவர் அதைப் 'பேஇமேடு' என்று படித்திருக்கிறார். களத்துக்குப் போனவன் எழுத்துப் பிழை விட்டிருக்கிறான் என்று பெருந்தன்மையாகத் திருத்தி, அழகாகப் 'பேய்மேடு' என்று எழுதிவிட்டார்.

அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க அந்தத் தாள் என்னிடம் வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் ஆகிவிடுவேன், அதனால் சொல்கிறேன். பேய்மேடு என்று இருந்ததைப் பார்த்தேன். அட, பெயர் கிடைத்துவிட்டதா, மேலே யாரோ விசாரித்துக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். மேலே இருந்தவர்கள், கீழே இவன் விசாரித்திருப்பான் என்று நினைத்தார்கள். இப்படித்தான் ஒரு இடத்துக்கு யாருமே வைக்காத பெயர் வந்து சேர்ந்தது. இரண்டு வருஷம் கழித்து, படம் வரைந்தவரின் பிரிவுபசாரத்தில் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் கேட்டேன். "உங்க கையெழுத்துல அப்படித்தானே இருந்துச்சு" என்றார். மிச்ச டீயைக் கீழே வைத்தேன். அதற்குள் வரைபடம் அச்சாகி, பஸ் நிறுத்தத்தில் பலகை வைத்து, தபால் எண்ணும் கொடுத்துவிட்டார்கள்.

பெயர் வந்தபின் பேய் வராமல் இருக்குமா? அந்த மேட்டில் ஒரு பெண் மரத்தில் தொங்கினாள் என்று ஒரு பத்திரிகைக்காரர் வாரமலரில் முழுப்பக்கம் எழுதினார். அந்த மேட்டில் தொங்குகிற அளவுக்கு ஒரு மரம் கிடையாது. இருந்ததெல்லாம் முழங்கால் உயர முள்செடி.

பேய்க்குப் பயந்து அங்கே மனை மலிந்து கிடந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் அக்கா அங்கே வாங்கலாமா என்று என்னைக் கேட்டாள். அத்தான் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், விசாலமாக இடம் வேண்டும், அவள் வசதிக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. "பேருதான்டா ஒரு மாதிரி இருக்கு" என்றாள். "பேரையா திங்கப் போற? வாங்கு" என்றேன். நான் சொன்னால் அவள் கேட்பாள். நான் வரைபட ஆபீஸ்காரன் அல்லவா.

காப்பகத்துக்கு உரிமம் கொடுப்பவர்களின் நிபந்தனை ஒன்று உண்டு. அரசு வரைபடத்தில் உள்ள இடப்பெயர் பலகையில் இருக்க வேண்டும். அதனால் வாசலில் பெரிய எழுத்தில்: பேய்மேடு குழந்தைகள் காப்பகம். கீழே சிரிக்கிற சூரியன் ஒன்றை அக்காவே வரைந்திருந்தாள். முதலில் இருபத்து நாலு குழந்தைகள் வந்தார்கள். பேசத் தெரியாத வயதில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. பேச ஆரம்பித்து, "எங்க ஸ்கூல்ல பேய் இருக்கு" என்று பாட்டி தாத்தாவிடம் சொன்னதும் வீட்டில் அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். இப்போது ஏழு. உரிமம் புதுப்பிக்க இன்னும் பத்து வாரம். பத்துக் குழந்தைகளுக்குக் குறைந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். அப்படி நிறுத்திய மூன்று அம்மாக்கள் மட்டும், "போர்டு மாறினா அடுத்த நாளே கொண்டாந்து விடறோம்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஏழும் மூன்றும் பத்து. அந்தக் கணக்கை நம்பித்தான் அக்கா வீடு வீடாக ஏறி அறுபத்து நாலு கையெழுத்து வாங்கியிருந்தாள்.

"நீ அங்க இருக்கேன்னு நான் சலுகை கேக்க மாட்டேன்" என்று அன்று சாயங்காலமே போன் செய்து சொன்னாள். "மனு எங்க இருக்கு, அதை மட்டும் சொல்லு."

"மேசையில இருக்குக்கா."

"யார் மேசையில?"

"ஒருத்தர் மேசையில."

"அந்த ஒருத்தரை எனக்காக நாலு வார்த்தை திட்டு."

அதன்பின் தினமும் ஆறு மணிக்குப் போன் வரும். நானும் தினமும் என்னைத் திட்டிக்கொண்டேன்.

எங்கள் பிரிவு அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் விதி. ஆபீசுக்குள் பெயர் வைக்க எங்களுக்குக் குழுவும் வேண்டாம், மனுவும் வேண்டாம். விதி புத்தகத்தை அவர் அளவுக்குப் படித்தவர் கிடையாது. என்னைவிட எட்டு வயது சின்னவர், நல்ல மனிதர், குரல் உயர்த்த மாட்டார். எதைக் கேட்டாலும் வருத்தப்பட்டுக்கொண்டே முடியாது என்பார். எல்லாம் விதி என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

அக்காவின் கோப்பைப் புரட்டிவிட்டு அவர் சொன்னார்: "இதுல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பெயர் மாற்றம். அதுக்குப் பெயர்க் குழு கூடணும். குழுவுக்கு ஆள் போட்டு ஆறு வருஷம் ஆச்சு, நமக்கே தெரியும். இன்னொண்ணு, பெயர்த் திருத்தம். முதல்லயே தப்பா எழுதிட்டோம்னு சான்று இருந்தா நானே கையெழுத்துப் போடலாம். சான்று இருக்கா?"

"தேடிப் பாக்கறேன் சார்" என்றேன்.

தேட என்ன இருக்கிறது? என் முதுகுக்குப் பின்னால், மூன்றாவது இரும்பு அலமாரியில், நாலாவது தட்டில் அந்தக் களப் புத்தகம் இருந்தது. எடுத்தால் என் தப்பு வெளியே வரும். விசாரணை வைப்பார்கள். ஓய்வு பெறப் பதினாலு மாசம் இருந்தது. இதெல்லாம் பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரிய பயம் அது அல்ல. அக்காவுக்குத் தெரிந்துவிடும். அந்த அலமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலு வாரம் உட்கார்ந்திருந்தேன். யாராவது கதவைத் தள்ளினாலே அவள்தானோ என்று எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பால் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய பாட்டிலையே மறுபடி கழுவினாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. உரிமம் போச்சுன்னா நான் என்னடா பண்ணுவேன்? எனக்குப் புள்ளைங்களைப் பாத்துக்கறதைத் தவிர வேற என்ன தெரியும்? இந்த வீட்டை விக்கவும் முடியாது. பேய்மேட்டுல எவன் வாங்குவான்?" என்றாள். பிறகு, என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்று, "உன்னை மாதிரி யாராவது ஒருத்தன் சொல்லி, என்னை மாதிரி ஒரு ஏமாளி வந்தாத்தான் உண்டு" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். அங்கேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், "டீ இருக்கா" என்றேன்.

மறுநாள் காலை களப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். விதியின் முன்னால் பிரித்து வைத்து, என் கொம்பு, படம் வரைந்தவரின் பெருந்தன்மை, நான் பார்த்துவிட்டும் போட்ட கையெழுத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுக்கட்டும், அக்காவின் பலகை மாறினால் போதும் என்று இருந்தது.

அவர் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் உண்மையான வருத்தம்.

"திருத்தலாம். தாராளமா திருத்தலாம்" என்றார். "ஆனா சான்றுல என்ன இருக்கு? பெயர் இல்லைன்னு இருக்கு. திருத்தினா என்ன ஆகும்? பேய்மேடுங்கறது போயிடும். அந்த இடத்துல ஒண்ணும் இருக்காது. பெயரே இல்லாத இடத்துல காப்பகம் நடத்த உரிமம் தருவாங்களா? இப்பவே கையெழுத்துப் போடவா?"

நான் பேனாவை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தேன்.

"அப்போ ஜனங்க விருப்பப்படி ஒரு பேர் வைக்கக் கூடாதா சார்? அவங்க இடம்தானே?"

"நான் மட்டும் வேண்டாம்னா சொல்றேன்? நாம பேர் வைக்கிறவங்க இல்ல. ஜனங்க வாயில இருக்கறதை எழுதறவங்க. விருப்பம் வேற, வழக்கம் வேற." கொஞ்ச நேரம் புத்தகத்தைப் புரட்டினார். "ஒண்ணு செய்யலாம். வழக்குப் பெயர்னு ஒரு பிரிவு இருக்கு. ரெண்டு பேர் நேர்ல போகணும். அங்க குடியிருக்கற மூணு பேரைக் கேக்கணும். யாரைக் கேக்கறதுன்னு கூட வர்றவங்கதான் முடிவு செய்வாங்க. மூணு பேரும் ஒரே பேரைச் சொன்னா அதுதான் பேர். நான் கையெழுத்துப் போட்டுடறேன். ஒருத்தர் மாத்திச் சொன்னாலும் பழைய பேர்தான். நீங்களே போங்க. ஆனா முன்கூட்டி யாருக்கும் சொல்லக் கூடாது, தெரியும்ல?"

தெரியும். அன்று ஆறு மணிக்கே அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

பெயர் என்ன என்று முடிவு செய்ய மேட்டு ஜனங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. மளிகைக் கடைக்காரர் 'புதுநகர்' என்றார். அந்தப் பெயரில் ஏற்கெனவே நாலு இடம் இருக்கிறது என்று அக்கா சொன்னதற்கு, "அப்போ அஞ்சாவதா இருக்கட்டும்" என்றார். லாரி ஓட்டுநர் தன் அம்மாவின் பெயரை வைக்க வேண்டும், முதல் வீடு அவர்களுடையது என்றார். ஓய்வுபெற்ற நர்ஸம்மா 'அமைதிமேடு' என்று சொல்ல, அது சுடுகாடு மாதிரி இருக்கிறது, பேயே தேவலை என்று விட்டார்கள். கூட்டம் நடந்தது அக்காவின் வீட்டில், குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில். முழங்கால் முகவாயில் இடிக்க அத்தனை பெரியவர்களும் உட்கார்ந்து ஒருவர் மேல் ஒருவர் கத்தினார்கள். பெயரை ஜனங்களே முடிவு செய்யட்டும் என்று சொல்வது சுலபம். ஜனங்கள் என்று ஒரே ஆள் இருந்தால் அதுவும் சுலபம்.

கடைசியில் களைத்துப்போய்ப் 'பூமேடு' என்று முடிவானது. முதல் இரண்டு எழுத்துத்தான் மாற்றம், பலகையில் வேலை குறைவு என்று கடைக்காரரும் ஒத்துக்கொண்டார். அப்புறம் ஒரே பயிற்சி. அக்கா ஏழு குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுத்தாள். நாங்க எங்க இருக்கோம்? பூ-மே-டு! வாய் தவறிப் பழைய பெயரைச் சொன்ன பெரியவர்கள் ஒரு பிஸ்கட் பாக்கெட் அபராதம் வைக்க வேண்டும். முதல் வாரத்தில் குழந்தைகளுக்குப் பிஸ்கட்டாலேயே வயிறு நிறைந்தது. இரண்டாவது வாரத்தில் பிஸ்கட் வரத்து நின்றுவிட்டது. அக்காவின் குரலில் வருஷக்கணக்கில் கேட்காத சந்தோஷம்.

நேரில் விசாரிக்கும் நாள் வந்தது. என்னோடு வந்தவர் அளவைப் பிரிவு மேடம். நாற்பது வயதிருக்கும். வெயிலுக்குத் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில், வாயில் அளவான பேச்சு. பஸ்ஸிலிருந்து இறங்கி முதலில் கடைக்குத்தான் போனார்.

"இந்த இடத்துக்குப் பேர் என்னங்க?"

கடைக்காரர் நாடக மேடையில் நிற்பவர்போல நெஞ்சை நிமிர்த்தி, "பூமேடு" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மேடம் குறித்துக்கொண்டார்.

அடுத்து அவர் காட்டிய வீட்டில் தையல்கார அம்மா. மிஷினை மிதிப்பதை நிறுத்தாமலே, "பூமேடும்மா" என்றார். அவ்வளவு இயல்பு. கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

மூன்றாவதாக மேடம் சுற்றிப் பார்த்தார். ஒரு வாசலில் பலகைக்குப் போர்வை போர்த்தியிருந்தது. "அதென்ன?" என்று அங்கே நடந்தார். நானே கேட்டு வாங்கியிருந்தாலும் இதைவிட நல்ல வீடு கிடைத்திருக்காது.

அக்கா கூடத்தில் நின்றிருந்தாள். தலை வாரி, நல்ல உடை உடுத்தி, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி. மேடம் வணக்கம் சொல்லி, பேனாவைத் திறந்தார். அப்போது உள்ளே ஏதோ தரையில் மோதும் சத்தம். தொடர்ந்து ஒரு குழந்தை அக்காவைக் கூப்பிட்டு, "ஆயா, உருளை ஆடறான்" என்று கத்தியது.

உருளை என்பது குண்டாக இருக்கும் இரண்டு வயதுப் பையன். காலையிலிருந்து உடம்பு சுட்டதாம். அக்கா மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருந்தாள். பாயில் அவன் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே சொருகி வெள்ளை தெரிந்தது. உதடு நீலம். அக்கா அவனை ஒருக்களித்துப் போட்டு, ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை எடுத்து ஆம்புலன்சுக்கு அடித்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள், எல்லோருக்கும் கேட்டது.

"இடம் சொல்லுங்க."

"பூமேடு" என்றாள் அக்கா.

"என்னது?"

"பூமேடு! பூமேடு குழந்தைகள் காப்பகம்!"

தட்டச்சு செய்யும் சத்தம். "அப்படி ஒரு இடம் வரலையேம்மா. எந்தப் பக்கம்?"

"சீக்கிரம் வாங்க சார், பூமேடு, மேட்டு மேல..." இரண்டு வாரப் பயிற்சி. பதற்றத்தில் அவளுக்கு வேறு வார்த்தையே வரவில்லை.

"எழுத்து சொல்லுங்கம்மா. பூவா? பூமேடுன்னு பட்டியல்லயே இல்ல."

அந்தப் பட்டியல் எங்கள் ஆபீசிலிருந்து போனது. அதில் என்ன பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. மேடம் பக்கத்தில் நிற்கிறார், நான் சொன்னால் எல்லாம் போச்சு என்று ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, ஒரு குழந்தையின் நீல உதட்டைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு அருவருப்பு வருகிறது.

அக்காதான் கத்தினாள். "பேய்மேடு! பேய்மேடுங்க! பேய்மேடு!"

"ஆ, வந்துடுச்சு. வண்டி கிளம்பிடுச்சும்மா."

ஒன்பது நிமிஷத்தில் வண்டி வந்துவிட்டது. அதற்குள் இழுப்பு நின்று பையன் அழ ஆரம்பித்திருந்தான். காய்ச்சலில் வரும் வலிப்புத்தான், பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் பார்த்துவிடலாம் என்று ஏற்றிக்கொண்டார்கள். விஷயம் கேட்டுப் பக்கத்துத் தெருவிலிருந்து ஓடி வந்த பையனின் அம்மாவும் கூடப் போனாள். வண்டி இறக்கத்தில் மறையும்வரை அக்கா வாசலில் நின்றாள். தோளில் பையனின் வாந்தி.

உள்ளே வந்ததும் மேடம் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினார். அவள் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "சார், நான் மூணாவது ஆளை இன்னும் கேக்கல. போன்ல பேசினது என் கேள்விக்குப் பதில் இல்ல. அது வேற விஷயம்" என்றார். அப்படிப்பட்ட மனுஷி. அக்கா பக்கம் திரும்பி, விதிப்படி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் கேட்டார். "இந்த இடத்துக்குப் பேர் என்னம்மா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். என்னைக் கேட்டாள். "நீங்க இங்க மாத்தி எழுதினா, அந்த வண்டிக்காரங்க பட்டியல்ல எப்போ மாறும்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், உடனே என்று. இன்னொரு பொய்யோடு அந்த வீட்டில் நிற்க முடியவில்லை.

"அடுத்த பதிப்பு வரணும்க்கா. நாலு வருஷம் ஆகும்."

"நாலு வருஷம் ஜனங்க ஒரு பேர் சொல்லுவாங்க. பட்டியல்ல ஒரு பேர் இருக்கும்."

"ஆமா."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆறு குழந்தைகளும் சுவரோரமாக ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, அழுவதா வேண்டாமா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நான் பேரைச் சொல்லிக்கிட்டிருந்த நேரம் முழுக்க அவன் மூச்சு விடல" என்றாள் அக்கா. பிறகு மேடத்திடம், தெளிவாக, "பேய்மேடும்மா. எழுதிக்குங்க" என்றாள்.

மேடம் எழுதினார். இரண்டு பேர் பூமேடு, ஒருவர் பேய்மேடு. ஒருமித்த வழக்கு இல்லை, இருக்கும் பெயரே தொடரும். என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அவர் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் போகவில்லை. கூடத்தில் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா முகம் கழுவி, உடை மாற்றி, குழந்தைகளுக்குப் பால் கொடுத்து முடித்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

"விடுடா. உன்னால ஆனதைச் செஞ்ச" என்றாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, அந்தப் பேர் என்னாலதான் வந்துச்சு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடி அம்மாள், கொம்பு, சரிபார்த்த தாள், பிரிவுபசார டீ. ஒரு இடத்தில் சிரிப்புக்கூட வந்தது அவளுக்கு.

"உன்னால வந்திருக்கலாம்" என்றாள். "இன்னிக்கு வாய் விட்டுக் கூப்பிட்டது நான். அந்தப் பேர் இல்லன்னா அந்தப் புள்ளைக்கு வண்டி வந்திருக்காது. அதனால அதுக்கு உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றாள். "அந்த டீ குடிச்சது எப்போ?"

"பதினாறு வருஷம் இருக்கும்."

"நான் இந்த மனையை வாங்கறதுக்கு முன்னாலயா, அப்புறமா?"

நாற்காலி இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. எழவும் முடியவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

"முன்னாலக்கா."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையிலிருந்த நோட்டை எடுத்து, அம்மாக்களின் எண்களில் முதல் எண்ணைப் பார்த்துப் போனில் அழுத்தினாள். இந்த மாசத்தோடு காப்பகத்தை மூடுகிறேன், குழந்தைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு. மறுமுனையில் யார் என்று கேட்டிருக்க வேண்டும்.

"நான்தாம்மா" என்றாள் அக்கா. "பேய்மேட்டு ஆயா பேசறேன்."

ஏழு வீட்டுக்கும் பேசி முடித்தாள். அதுவரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.